மஞ்சள் சாக்பீஸ்

சிரிச்சிட்டேன். சும்மா இல்ல, வயித்தப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வர, முன்சீட்டுத் தலைமாட்டத் தட்டித் தட்டிச் சிரிச்சிருக்கேன். லைட்டப் போட்டுட்டான், இடைவேளைன்னு எழுத்தும் வந்துருச்சு, மிருதுளா "வெளிய போயிட்டு வர்றேம்மா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டா, என் கன்னத்துல அந்தச் சிரிச்ச தண்ணி இன்னும் காயல. முந்தானையால தொடைக்கணும், கை வரல. ஐயோ தமயந்தி, உனக்கு அறிவு இருக்காடி? பெத்த பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கா, அவள வச்சுக்கிட்டே எதப் பாத்து இப்பிடி இளிச்ச? எனக்குத் தெரியலையே, அந்த நேரம் தெரியலையே, சத்தியமாத் தெரியல. தெரியலைங்கிறது ஒரு பதிலா? மருந்துக்கடையில பதினோரு வருசமா நிக்கிறேன், மாத்திரை மாத்திக் குடுத்துட்டு தெரியலைன்னு சொன்னா விடுவாங்களா? தியேட்டர் முழுக்க எந்திரிச்சு வெளிய போறாங்க, பப்ஸு வாசம் வருது, எங்கயோ ஒரு கொழந்த வீல்னு கத்துது, நான் மட்டும் எந்திரிக்கல. கூட்டத்துக்காக இல்ல. எனக்குத் தெரியும் எதனாலன்னு.

பொய் சொல்லக் கூடாது, படம் நல்லாத்தான் இருக்கு. "சார் இன்னைக்கு லீவு"ன்னு பேரு. பத்தாங் கிளாஸ் பி செக்‌ஷன், கடைசி பெஞ்சுல நாலு பயலுக, அவனுக பண்ற சேட்ட, அம்புட்டுத்தான் கத. பத்தாங் கிளாஸ் பயலுகளுக்குத் தாடி மொளச்சிருக்கு, அது வேற விசயம். மூணாவது பீரியடுலயே எவன் டிபன் பாக்ஸையோ தொறந்து லெமன் சாதத்தக் காலி பண்ணிட்டு, அதுக்குள்ள டஸ்டர வச்சு மூடுறானுங்க. பேசுறவங்க பேர போர்டுல எழுதுற கிளாஸ் லீடர், எழுதிக்கிட்டே பேசி, கடைசியில தன் பேரையும் எழுதிப் பெருக்கல் குறி போட்டுக்கிறான். பி.டி. சாரோட விசிலக் காணோம்னு ஸ்கூலே தேடுது, அவரு அத வாயில வச்சுக்கிட்டே திட்டுறாரு. ஒண்ணு ஒண்ணுக்கும் சிரிச்சேன். எத்தன நாளாச்சு இப்பிடிச் சிரிச்சு. நம்ம கிளாஸு, நம்ம பெஞ்சு, காம்பஸ் முள்ளால பேர் செதுக்கின அந்தப் பலகை, எல்லாம் அப்பிடியே எடுத்து வச்சிருக்கான் படுபாவி. பொட்டப்புள்ளைகளத்தான் ஒண்ணுக்கும் உபயோகமில்லாம விட்டுட்டான். ஹீரோயின்னு ஒருத்தி வர்றா, கிளாஸ்ல ஃபேனே சுத்தல, அவ முடி மட்டும் பறக்குது, அவளுக்குன்னு காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு கேக்க ஆளில்ல. அவ பக்கத்துல ஒரு ஃப்ரெண்டு, கோமதின்னு, கொஞ்சம் பூசுனாப்புல, ரெட்ட ஜடை, எப்பப் பாத்தாலும் டவுட் கேப்பா. அவ எதுக்கு இருக்கான்னா நம்ம சிரிக்கிறதுக்கு. அவ வாயத் தொறந்தாலே தியேட்டர்ல கெக்கெக்கெங்குறாங்க. நானுந்தான். அது வரைக்கும் கூடப் பரவால்ல. அது வரைக்கும் கூட நான் தப்பிச்சிருப்பேன்.

அந்த பேனர் சீனு. கோமதி வயசுக்கு வந்து, லீவு முடிஞ்சு, சடங்கு முடிஞ்சு, அன்னைக்குத்தான் ஸ்கூலுக்கு வர்றா. அவங்கப்பா பஸ் ஸ்டாப்புல பேனர் கட்டியிருக்காரு, பதினஞ்சடிக்கு. கிரீடத்தோட கோமதி, பின்னாடி அன்னப்பறவை, சுத்தி வட்ட வட்டமா மாமன் சித்தப்பன் தலைக, அதுல ஒருத்தரு கூலிங் கிளாஸு. இந்த நாலு பயலுகளும் அத அவுத்துட்டு வந்து கிளாஸ் போர்டு மேல கட்டிர்றானுங்க. அவ உள்ள வர்றா. பெஞ்சுல மேளம் அடிக்கிறானுங்க. ஒருத்தன் தலையில துண்டக் கட்டிக்கிட்டு, "சபையோரே, தாய்மாமன் சீரு வருது, வழி விடுங்கப்பா"ங்கிறான். வரிசையா வர்றானுங்க, தாம்பாளத்துக்குப் பதிலா பரீச்சை அட்டை, அது மேல காம்பஸ் பாக்ஸு, டஸ்டரு, கடிச்ச பிஸ்கட்டு, சுருட்டி வச்ச பிட்டுப் பேப்பரு. கடைசியா ஒருத்தன் மக்குல தண்ணி கொண்டாறான், மஞ்சள் சாக்பீஸ இடிச்சுக் கரைச்ச தண்ணி. மஞ்ச நீராட்டாம். அவ தலையில ஊத்துறானுங்க. மெதுவா ஊத்துது, நாதஸ்வரம் கேக்குது, அந்த நேரம் பாத்து கணக்கு சார் உள்ள வர, மிச்சத் தண்ணி அவரு மேல. அவரு கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே, "எனக்குமாடா சீரு?"ங்கிறாரு. கோமதி மஞ்சளா சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு ஈன்னு சிரிக்கிறா. தியேட்டரே இடிஞ்சு விழுந்துச்சு. நான் முன்சீட்டத் தட்டினது அப்பத்தான். தட்டிட்டு, "பாத்தியாடி அந்த வாத்தியார் மூஞ்சிய"ன்னு மிருதுளா தொடையத் தட்டித் திரும்புனேன். அவ என்னயப் பாத்துக்கிட்டு இருந்தா. கோவம் இல்ல. அழுகை இல்ல. டெஸ்ட் எடுக்கக் குடுத்துட்டு, ரிசல்ட் சீட்ட நாங்க படிச்சுச் சொல்றதுக்காக எங்க கடைக் கவுண்டர்ல நிப்பாங்க பாருங்க, அந்த மாதிரி பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கு அப்பக்கூட ஒறைக்கல. என்னடி இவ, சிரிப்பு வரலையான்னு நெனச்சுக்கிட்டு மறுபடி திரையப் பாத்தேன். பாட்டு ஓடுது. பாட்டுல கோமதி முதுகக் காட்டிக்கிட்டு நடந்து போறா, சட்ட காஞ்சிருச்சு, வெள்ளச் சட்டையில மஞ்சள் திட்டுத் திட்டா. தோள்ல ஒண்ணு, முதுகுல நீளமா ஒண்ணு. அந்த முதுகு. அந்த முதுகுச் சட்டைய நான் எங்கயோ பாத்திருக்கேனே. எங்கயோ என்ன எங்கயோ. என் வீட்டு பாத்ரூம்ல. நீல வாளியில.

எட்டாங் கிளாஸு. மூணு வருசம் ஆகுது. ஆடி பொறந்துட்டா வைக்க முடியாதுன்னு ஆனி கடைசி ஞாயித்துக்கிழம மிருதுளாவுக்குச் சடங்கு வச்சோம். திங்கள் செவ்வாய் லீவு, புதன்கிழம ஸ்கூலுக்குப் போனா. மத்தியானமே வந்துட்டா. அன்னைக்கு எனக்கு ரெண்டு மணி ஷிஃப்ட்டு, கெளம்பி வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறேன், இவ கேட்டத் தொறந்துக்கிட்டு வர்றா. வெள்ளச் சட்ட பூரா மஞ்சள். பத்து நாள் முன்னாடி எடுத்த புதுச் சட்ட. எனக்கு மண்டையில ஏறிருச்சு. "என்னடி இது யூனிஃபார்ம்ல?" "சாக்பீஸும்மா." "சாக்பீஸத் தின்னியா, இல்ல தேச்சுக் குளிச்சியா?" அப்பிடிக் கேட்டேன். தேச்சுக் குளிச்சியான்னு கேட்டேன். என் வாயில புத்து வைக்க. அதோட விட்டேனா? திருப்பி நிறுத்தி முதுகுல ரெண்டு வச்சேன், அந்தச் சட்ட மேலயே, என் உள்ளங்கையிலயும் மஞ்சளாச்சு. "வயசுக்கு வந்த புள்ள மாதிரியா இருக்க, இன்னும் சாக்பீஸ் வெளாட்டு"ன்னேன். அவ வாயத் தொறந்தா. தொறந்துட்டு மூடிக்கிட்டா. நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன். அந்த வாயில அப்ப என்ன இருந்துச்சு? மூணு வருசமா அது எங்க போயி உக்காந்துச்சு? ராத்திரிக்கு வந்து நானே அந்தச் சட்டைய பிளீச்சிங்ல போட்டேன், ரெண்டு நாள் ஊறியும் முதுகுல அந்த நீளத் திட்டு மட்டும் போகல. சோப்பக் குத்தம் சொன்னேன். அப்பறம் எட்டு நாளு வயித்து வலின்னு படுத்துக்கிட்டா. ஓம வாட்டரு குடுத்தேன், கடையிலருந்து சிரப்பு கொண்டாந்து குடுத்தேன், ஸ்கேன்கூட எடுத்துப் பாத்தோம், ஒண்ணுமில்லன்னாங்க. ஊருக்கே மாத்திர குடுக்கிறவ. வருசக் கடைசியில அந்த ஸ்கூலே வேண்டாம், மாத்துங்கன்னு ஒத்தக் கால்ல நின்னா. கணக்கு வரலன்னு காரணம் சொன்னா. நம்பிட்டோம்.

சடங்குக்கு முன்னாடியே, பேனர் வேண்டாம்மான்னு அவதான் சொன்னா. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. மொதல்ல சொன்னப்ப நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன், "மாமா ஆசப்படுறாருடி"ன்னேன். என் அண்ணன் கதிரேசனுக்கு ஒரே தங்கச்சி மக, அவரு சீர் தட்டு தூக்கிட்டு வர்றதே ஊருக்குத் தெரியணும்னு நிக்கிற மனுசன். ரெண்டாவது தடவ சொன்னப்ப, "ஊரு உலகத்துல இல்லாததா? எல்லா வீட்டுலயும் கட்டுறாங்க"ன்னேன். மூணாவது தடவ, "அந்தப் பஸ் ஸ்டாப்புல மட்டும் வேண்டாம்மா, அது வழியாத்தான் எல்லாப் பசங்களும் வருவாங்க"ன்னு தெளிவாச் சொன்னா. நான் என்ன சொன்னேன்? "பாக்கட்டுமே, பாத்தா கொறஞ்சா போயிருவ?" அப்பிடிச் சொல்லிட்டு, ஸ்டூடியோவுல நாலு போட்டோவுல எது நல்லா இருக்குன்னு நானே எடுத்தேன், மயில் நாற்காலியில கிரீடத்தோட உக்காந்தது. "எங்கள் குலவிளக்கு"ன்னு வாசகம் எழுதச் சொன்னதும் நாந்தான். அண்ணன் மேல பழியப் போடாத தமயந்தி. அவரு கேட்டது பேனரு, எடத்தக் காட்டுனது நீ. ஏன்னா எனக்குச் செய்யல. எங்கப்பா செத்த வருசம் நான் வயசுக்கு வந்து ஒக்காந்தேன், பந்தலும் இல்ல பாட்டும் இல்ல, கதவச் சாத்தித் தண்ணி ஊத்தி ஒரு பாவாட தாவணியக் குடுத்து முடிச்சிட்டாங்க. அந்த ஏக்கத்த எம்மக தலையில கிரீடமா வச்சேன். அவ மொகத்துல அந்த போட்டோவுல சிரிப்பே இல்ல, போட்டோக்காரருகிட்ட நானே கேட்டேன், கொஞ்சம் சிரிச்ச மாதிரி பண்ண முடியுமாண்ணே கம்ப்யூட்டர்லன்னு. பண்ணிக் குடுத்தாரு.

அந்த பேனரு இப்ப எங்க இருக்கு? மாடியில இருக்கு. ஒரு மாசம் பஸ் ஸ்டாப்புலயே நின்னுச்சு, நல்ல பேனரு, வெயிலுக்கும் மழைக்கும் அசையலன்னு அண்ணன் பெருமப்பட்டாரு. கழட்டுனப்பறம் தூக்கிப்போட மனசு வரல. மொட்ட மாடியில விரிச்சு வத்தல் காயப் போடுறேன். மூணு கோட. கூழ்வத்தலு, மணத்தக்காளி வத்தலு, மோர் மொளகா. குப்புறப் போட்டாத் தரையில அழுக்காயிரும்னு மொகத்த மேல பாக்கத்தான் விரிக்கிறது. அவ மொகத்து மேலதான் உப்பு மொளகாயப் பரப்பியிருக்கேன். பரப்பிட்டுக் கீழ வந்து, "மிருது, மாடியில துணி கெடக்கு, போயி எடுத்துட்டு வாடி"ம்பேன். போகவே மாட்டா. மூணு வருசமா அவ மாடி ஏறுனதே கெடையாது, வானம் இடிஞ்சாலும் ஏற மாட்டா. சோம்பேறி, வளந்து கெட்ட கழுதன்னு எத்தன திட்டு. அவங்கப்பாகூட, "விடு, நான் எடுத்துட்டு வர்றேன்"னு போவாரு. அவரும் அத மிதிச்சுத்தான போயிருப்பாரு. அவரும் பாக்கல. ரெண்டு பேரும் நாலு கண்ண வச்சுக்கிட்டு என்னத்தப் பாத்தோம்? கடவுளே, போன வாரம் அதுல ஜவ்வரிசி வத்தல் ஊத்தினேனே. இப்பவும் காஞ்சுக்கிட்டு இருக்கும்.

"ஏங்க, அந்தப் பாப்பா உங்க பொண்ணுங்களா?" பக்கத்துச் சீட்டு அக்கா கேக்குது, மடியில தூங்குற கொழந்தையோட. ஆமாங்கன்னேன். "இந்தப் படத்த ஏற்கெனவே பாத்துருச்சோ? ஸ்கிரீனையே பாக்கல. உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே இருந்துச்சு, நீங்க எப்பச் சிரிப்பீங்கன்னு. பாசக்காரப் புள்ள"ன்னு சொல்லிச் சிரிக்குது. பாசக்காரப் புள்ள. ஆமா, ஏற்கெனவே பாத்துட்டா. போன ஞாயித்துக்கிழம புது ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸோட வந்து பாத்துட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமப் படுத்தவ, மறுநாள் காலையில காபி டம்ளரோட அடுப்படியில வந்து நின்னா. "அம்மா, ஒரு படம் இருக்கு, நீ பாக்கணும். நீ மட்டும் வா. அப்பா வேண்டாம்." எனக்குத் தல கால் புரியல. ப்ளஸ் ஒன் படிக்கிற புள்ள அம்மாவோட படத்துக்குப் போவோம்னு கூப்புடுறது எந்த வீட்டுல நடக்கும்? மூணு வருசமா ம், சரி, இல்ல, வேண்டாம், இந்த நாலு வார்த்தையத் தவிர எங்கிட்டப் பேசாதவ. கடையில எல்லார்கிட்டயும் சொன்னேன், சனிக்கிழம மேட்னி, எம்பொண்ணு கூட்டிட்டுப் போறான்னு. நல்ல சேலையக் கட்டிட்டு வந்தேன். பூ வச்சுக்கிட்டு வந்தேன். அவ என்னயப் படம் பாக்கக் கூப்புடல. வாயால சொல்ல முடியாதத, இந்தா பாத்துக்கன்னு காட்டக் கூட்டிட்டு வந்திருக்கா. மூணு வருசம் கழிச்சு இன்னொரு தடவ வாயத் தொறந்திருக்கா. அதுக்கு நான் சிரிச்சேன். வாசல்ல அடிச்சேன், தியேட்டர்ல சிரிச்சேன். ரெண்டு தடவையும் வந்து சொன்னா, ரெண்டு தடவையும் இதுதான் அவளுக்குக் கெடச்சுது.

எங்க போனா? மணி என்ன? இடைவேளை பத்து நிமிசமாச்சும் ஆயிருக்கும். போன் பண்ணலாம்னு எடுத்துப் போட்டா அவ சீட்டுலயே வெளிச்சம் வருது, அம்மான்னு என் பேரு மின்னுது. போன விட்டுட்டுப் போயிருக்கா. இந்தக் காலத்துப் புள்ளைக பாத்ரூம் போனாக்கூட போனக் கொண்டுட்டுப் போகும், இவ விட்டுட்டுப் போயிருக்கா. மறந்துட்டாளா, வேணும்னே விட்டாளா? எதுக்கு வேணும்னே விடணும்? ஏய், வேண்டாத நெனப்பெல்லாம் நெனைக்காத. வெளிய மெயின் ரோடு, லாரியாப் போகும். அந்தப் பக்கம் ரயில்வே கேட்டு. வாயக் கழுவு தமயந்தி. கடைக்கு வருவாங்களே, முந்தா நேத்து வரைக்கும் நல்லாத்தாம்மா இருந்தான்னு சொல்லிக்கிட்டே மருந்துச் சீட்ட நீட்டுவாங்களே, நானும் அந்தப் பக்கம் நின்னு உச்சுக் கொட்டுவேனே. எந்திரிச்சுப் போயித் தேடுவோமா? தேடிப் போனப்ப இவ இந்தப் பக்கமா வந்து, அம்மா சீட்டுல இல்லாமப் பாத்தா? போயிட்டான்னு நெனச்சுக்குவாளே. இருந்தா இருக்கிறேன்னு தப்பு, போனா போயிட்டேன்னு தப்பு. அந்த சினிமாக்காரனச் சொல்லணும். அவன் எந்த ஊர்க்காரனோ, எம்மகள அவனுக்குத் தெரியாது. அப்ப இது அவன் ஸ்கூல்லயும் நடந்திருக்கு. ஒவ்வொரு ஊர்லயும் எவளோ ஒருத்தி தலையில மஞ்சத் தண்ணி ஊத்தியிருக்கானுங்க, ஊத்துனவன் வளந்து படமெடுத்துட்டான். ஊத்துனவனுக்கு அது காமெடியாத்தான ஞாபகம் இருக்கும். நானும் ஒம்பதாப்பு படிக்கிறப்ப ஒருத்தி வீட்டுச் சடங்குக்கு ரேடியோக் குழாயில பாட்டுப் போட்டாங்கன்னு, அவ கிளாஸுக்குள்ள வந்தப்ப எல்லாருமாச் சேந்து அந்தப் பாட்ட மேசையத் தட்டிப் பாடுனோம். அவ பேரு இப்ப எனக்கு ஞாபகம் வரல. பாட்டு ஞாபகம் இருக்கு. பேரு வரல.

லைட்டு அணைஞ்சிருச்சு. ஐயோ, அணைச்சுட்டான். விளம்பரம் ஓடுது, ஜனமெல்லாம் கையில பாக்கெட்டோட இருட்டுல கால மிதிச்சுக்கிட்டு வருது, எல்லாரும் யார் யாரோ. மூணாவது விளம்பரம் முடியட்டும், எந்திரிச்சுப் போயிர்றேன். முடிஞ்சிருச்சு. எந்திரிச்சேன், சேல மடிப்பு சீட்டுல மாட்டிக்கிச்சு, பின்னாடி எவனோ "அக்கா மறைக்குது, உக்காருங்க"ங்கிறான், உக்கார மாட்டேன்டா போடா, எம்புள்ளையக் காணோம்டான்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு. அப்ப வாசல் திரைய வெலக்கிக்கிட்டு ஒரு உருவம். ரெட்ட ஜடை இல்ல, ஒத்தப் பின்னலு. நடக்குற நடையிலயே தெரிஞ்சுது. அப்பிடியே உக்காந்துட்டேன், உக்காந்தேனா விழுந்தேனான்னு தெரியல. வந்து உக்காந்தா. ரெண்டு பாப்கார்னு. மொகம் கழுவியிருக்கா, முன்முடி ஈரமா நெத்தியில ஒட்டியிருக்கு. ஒண்ண எங்கிட்ட நீட்டுனா. "கூட்டம்மா அங்க"ன்னா. அம்புட்டுத்தான். நான் பாப்கார்ன வாங்கி மடியில வச்சுக்கிட்டேன், சூடு சேலைக்குள்ள எறங்குது. என்ன கேக்குறது? எப்பிடி ஆரம்பிக்கிறது? இத்தன வயசாகியும் எனக்கு ஆரம்பிக்கத் தெரியல.

"மிருது."

"ம்."

"அன்னைக்கு அந்தச் சட்டையில... மஞ்சள்..."

"சாக்பீஸும்மா. அன்னைக்கே சொன்னேன்ல."

சொன்னா. ஆமா, அன்னைக்கே சொன்னா. ஒரே வார்த்தையில முழுசாச் சொல்லியிருக்கா, நாந்தான் காதுல வாங்கல. திரையில வெளிச்சம் மாறி மாறி அவ கன்னத்துல விழுது, நேராத் திரையப் பாத்துக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாப்கார்ன் எடுத்து வாயில போடுறா. "நான் சிரிச்சிட்டேன்டி"ன்னேன். "மன்னிச்சுரு"ன்னு அடுத்தாப்புல வரணும், வரல, பக்கத்துல அந்தக்கா இருக்கு, பின்னாடி அந்தப் பய இருக்கான், இதெல்லாமா ஒரு காரணம், ஆனா வரல. அவ திரும்பல. ரொம்ப சாதாரணமா, நாளைக்கு ஸ்கூல் லீவுன்னு சொல்ற மாதிரி சொன்னா: "பரவால்லம்மா. அன்னைக்கு நானும் சிரிச்சேன். எல்லாரும் சிரிக்கிறாங்க, மிஸ்கூட சிரிச்சாங்க, நான் மட்டும் என்ன பண்றது? வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட அழுதுக்கலாம்னு கெளம்பி வந்தேன்."

கேட்டத் தொறந்துக்கிட்டு வந்தாளே. அழறதுக்குத்தான் வந்தா. மத்தியான வெயில்ல, பஸ் ஸ்டாப்புல அவ மொகமே அவளப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்ன அந்த பேனரத் தாண்டி, மஞ்சச் சட்டையோட, அழுகையக் கண்ணுல பொத்தி வச்சுக்கிட்டு எங்கிட்டக் கொண்டு வந்தா. நான் செருப்பு மாட்டிக்கிட்டு நின்னேன். முதுகுல ரெண்டு வச்சேன். இந்தக் கை. பாப்கார்ன் பிடிச்சிருக்கிற இதே வலது கை. "மாடியில அது இன்னும் கெடக்குடி"ன்னு சொன்னேன், ஏன் அதச் சொன்னேன்னு தெரியல. "தெரியும்"ன்னா. "இன்னைக்கே போயிக் கிழிச்சுப் போட்டுர்றேன்." இப்பத்தான் என் பக்கம் திரும்புனா. "நான் கிழிக்கிறேன். நீ உன் வத்தல மட்டும் அள்ளிக்க"ன்னா. சொல்லிட்டு என் மடியில இருந்த பாக்கெட்டுல கைய விட்டு ஒரு பிடி எடுத்தா, அவ பாக்கெட்டு அதுக்குள்ள காலியாயிருச்சு. எனக்கு அந்தக் கையப் பிடிக்கணும் போல இருந்துச்சு. பிடிக்கல. மூணு வருசம் கழிச்சு இத்தன வார்த்த பேசியிருக்கா, பிடிச்சுக் கெடுத்துறக் கூடாதுன்னு பயமா இருந்துச்சு.

படம் ஆரம்பிச்சிருச்சு. கிளாஸ் ரூமு. கோமதி வேற சட்ட போட்டுக்கிட்டு லட்டு டப்பாவோட வர்றா, சடங்கு லட்டு, அந்த நாலு பயலுகளுக்கும் குடுக்கிறா, கணக்கு சாருக்கு ரெண்டு குடுக்கிறா. அவரு மஞ்சளாப் போன கண்ணாடியப் போட்டுக்கிட்டு லட்ட எலுமிச்சம் பழம்னு நெனச்சு மோந்து பாக்குறாரு. தியேட்டர்ல விசிலு. பக்கத்துல மிருதுளாவும் களுக்குன்னு சிரிச்சுட்டா, பாப்கார்ன் பொரையேறி இருமுறா. நெசமாவே சிரிப்பு வர்ற எடந்தான். நான் அவ முதுகத் தட்டிக் குடுத்தேன். மெதுவாத்தான் தட்டுனேன், அதே எடத்துல. நேத்து மஞ்சத் தண்ணியில நின்ன கோமதி இன்னைக்கு லட்டோட வந்து நிக்கிறா. நடுவுல அவ வீட்டுக்குப் போயிருப்பாள்ல. கதவத் தட்டியிருப்பாள்ல. தொறந்தது யாரு, என்ன சொன்னாங்க? அந்த சீன் எங்கயாச்சும் பின்னாடி வரும்னு கடைசி வரைக்கும் கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டு இருந்தேன். வரவே இல்ல.